தேங்காமல் ஓடும் தரவு: ஸ்ட்ரீம்லி நூலகத்தின் வரலாறு

கேரளத்தின் சக்குபள்ளத்தில் வெளியாகும் மலர் என்றால் ஏலத்தோட்டங்களின் கதையும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த குடும்பங்களின் கதையும், பள்ளிக்கூடங்களின் கதையும் அதில் இருக்கும். அவற்றைச் சொல்லத் தகுந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தரப்பட்ட பக்கங்களில், பெங்களூரில் உருவான ஒரு நிரல் நூலகத்தின் வரலாற்றை எழுதுகிறேன். அதன் பெயர் ஸ்ட்ரீம்லி. ஹாஸ்கெல் என்னும் கணினி மொழியில், இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும் தரவைக் கையாள உதவும் கருவி அது. எழுதத் தொடங்கியவர் ஹரேந்திர குமார். அவர் நடத்தும் கம்போஸ்வெல் டெக்னாலஜிஸ் என்ற சிறிய நிறுவனம் அதை இன்றுவரை பேணி வருகிறது.

இந்த மலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் கணினி படிக்கிறார்கள், பிறகு கோவைக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறார்கள். யாரோ எங்கோ செய்த கருவியைப் பயன்படுத்துவதுதான் அந்த வேலை என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் படிந்துவிடுகிறது. அந்தக் கருவிகளில் ஒன்றை நம் பக்கத்து மாநிலத்திலிருந்து சிலர் பொறுமையாகச் செய்தார்கள். அவர்கள் வேலையின் ஒரு பகுதி இன்று உலகெங்கும் ஹாஸ்கெல் எழுதுகிறவர்கள் எல்லோருடைய கணினியிலும் இருக்கிறது. அதனால்தான் இந்த வரலாறு இங்கே சொல்லப்பட வேண்டியது என்று நினைக்கிறேன்.

தொடர்ந்து வரும் தரவு என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு லாட்டின் எண்ணும் எடையும் திரையில் வருகின்றன. விலை ஏறுகிறது, நிற்கிறது, லாட் விற்றுப்போகிறது, அடுத்தது வருகிறது. மொத்தம் எத்தனை கேள்விகள் வரப்போகின்றன என்பது முன்கூட்டித் தெரியாது. எல்லாம் வந்து சேரட்டும், பிறகு கணக்குப் பார்ப்போம் என்று அந்த நிரல் காத்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு கேள்வியையும் வந்த கணத்தில் வாங்கி, சரிபார்த்து, அப்போதைய உச்ச விலையோடு ஒப்பிட்டு, முடிவைத் திரைக்கு அனுப்பியாக வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும் தரவுக்கு நிரலாளர்கள் வைத்த பெயர்தான் ஸ்ட்ரீம். வங்கிப் பரிவர்த்தனை, மழைமானியின் அளவு, சேவையகத்தின் பதிவேடு என்று எல்லாமே இந்த வகையில் அடங்கும்.

இந்தச் சிந்தனை பழையது. 1964-இல் பெல் ஆய்வகத்தின் டக் மக்கில்ராய், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு நேராக இணைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் பைப் என்ற வசதியாகச் செய்து முடித்தார். இடையே 1965-இல் பிரிட்டனின் பீட்டர் லாண்டின், சார்புகளை அடிப்படையாகக் கொண்ட கணக்கீட்டு முறையில் ஸ்ட்ரீம் என்ற கருத்தை எழுதிவைத்தார். பட்டியல் முழுவதையும் முதலிலேயே உண்டாக்காமல், கேட்கும்போது அடுத்த உறுப்பை மட்டும் உண்டாக்குவது அவருடைய வழி. 1976-இல் ஃப்ரீட்மன், வைஸ் இருவரும் ஒரு பக்கம், ஹெண்டர்சன், மாரிஸ் இருவரும் இன்னொரு பக்கம், தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் முறையைத் தனித்தனியே வெளியிட்டார்கள். பைப் என்ற கருத்தைத் தந்த மக்கில்ராய் பிற்காலத்தில் ஹாஸ்கெலுக்கு வந்தார். 1999-இல் முடிவில்லாத எண்தொடர்களை ஹாஸ்கெலின் பட்டியல்களாகவே எழுதிக் கணிதம் செய்து காட்டும் அழகான கட்டுரை ஒன்றை எழுதினார்.

ஹாஸ்கெல் ஒரு குழுவின் படைப்பு. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டில், தேவைக்கேற்பக் கணக்கிடும் மொழிகள் ஆளுக்கொன்றாகப் பெருகிவிட்டன, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். 1990 ஏப்ரல் 1 அன்று அதன் முதல் அறிக்கை வந்தது. தர்க்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயர் மொழிக்கு வைக்கப்பட்டது. முதல் அறிக்கையில் ஹாஸ்கெல் வெளியுலகத்தோடு பேசிய விதமே ஸ்ட்ரீம்தான். நிரலின் கோரிக்கைகள் ஒரு பட்டியல், இயங்குதளத்தின் பதில்கள் இன்னொரு பட்டியல், இரண்டும் அருகருகே நீண்டுகொண்டே போகும். அதில் எழுதுவது கடினமாக இருந்தது. ஒரு கோரிக்கைக்கும் அதன் பதிலுக்கும் இடையிலுள்ள வரிசை கொஞ்சம் பிசகினாலும் நிரல் நின்றுவிடும். 1996-இல் வந்த ஹாஸ்கெல் 1.3 அதைக் கைவிட்டு, செயல்களை வரிசையாகக் கோக்கும் மோனாட் முறைக்கு மாறியது.

மாறியபோதும் ஒரு பழைய வசதி மிச்சமிருந்தது. கோப்பைப் படிக்கச் சொன்னால் ஹாஸ்கெல் உடனே படிக்காது. எழுத்துகள் கேட்கப்படும்போதுதான் கோப்பைத் தொடும். வகுப்பறையில் இதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். நாள் முழுக்க ஓடும் சேவையகத்தில் இதுவே தொல்லை. கோப்பு எப்போது மூடப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் கோப்புகளைத் திறக்கும் நிரல், ஒன்றையும் மூடாமலே வரம்பைத் தொட்டுவிடும். 2008-இல் ஒலெக் கிசெல்யோவ் இட்டரேட்டீ என்ற மாற்று வழியை முன்வைத்தார். தரவைப் பெறுபவன் கையில் கட்டுப்பாடு இருக்கட்டும், அவனுக்கு ஒரு துண்டு போதும் என்றால் அங்கேயே நிறுத்திக் கோப்பை மூடிவிடலாம் என்பது அதன் சாரம். புரிந்துகொள்ளக் கடினமான முறை அது. ஆனாலும் அதிலிருந்து பல கிளைகள் பிறந்தன. யெசோட் என்ற இணையச் சட்டகத்தைச் செய்த மைக்கேல் ஸ்னாய்மன் கண்டுயிட் நூலகத்தைத் தந்தார். கேப்ரியெல்லா கொன்சாலெஸ் பைப்ஸ் நூலகத்தைத் தந்தார். 2011-இன் கடைசிக்கும் 2012-க்கும் இடையில் இரண்டும் வெளிவந்தன. இரண்டுக்கும் இன்றும் பயனர்கள் உண்டு.

இவை சரியாக வேலை செய்தன. கோப்புகள் உரிய நேரத்தில் மூடப்பட்டன, நினைவகம் கட்டுக்குள் இருந்தது. குறை வேகத்தில் இருந்தது. ஒவ்வோர் உறுப்பும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது நினைவகத்தில் ஒரு சிறு பொட்டலம் உருவாகி, பிரிக்கப்பட்டு, வீசப்படும். பெரிய துண்டுகளாகத் தரவை நகர்த்தினால் இது உறைக்காது. எழுத்தெழுத்தாகவோ எண் எண்ணாகவோ நகர்த்தினால் சி மொழியில் எழுதிய சாதாரண லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் கட்டளைத் தொடருக்கு, பல மடங்கு பின்னால் நிற்க வேண்டியதுதான்.

ஏலக்காய் ஸ்டோரை நினைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் விளங்கும். பச்சைக்காய் வந்து இறங்குகிறது. கழுவுவது, உலர்த்துவது, தேய்ப்பது, சலிப்பது, தரம் பிரிப்பது என்று வேலைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வேலை முடிந்ததும் காய் முழுவதையும் சாக்கில் கட்டி அடுக்கி, அடுத்த வேலைக்கு மறுபடி அவிழ்த்துக் கொட்டினால், கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்குமே பொழுது போய்விடும். கட்டாமல் கைக்குக் கை மாற்றிவிட்டால் அந்த உழைப்பு மிச்சம். நிரலில் இந்த இடைச் சாக்குகளை ஒழிப்பதற்கு ஃபியூஷன் என்று பெயர். நிரலாளர் ஐந்து வேலைகளைத் தனித்தனியே, படிப்பவருக்கு விளங்கும்படி எழுதுவார். நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அவற்றை ஒரே லூப்பாக இணைத்துவிடும்.

இந்த இணைப்பு வேலைக்கென்று தனி வரலாறு இருக்கிறது. பிலிப் வாட்லர் 1988-இல் தொடக்கம் செய்தார். 1993-இல் கில், லாஞ்ச்பரி, பெய்டன் ஜோன்ஸ் மூவரும் ஹாஸ்கெலின் பட்டியல்களுக்குப் பயன்படும் எளிய விதி ஒன்றைக் கொடுத்தார்கள். 2007-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் நடந்த மாநாட்டில் டங்கன் கூட்ஸ், ரோமன் லெஷ்சின்ஸ்கி, டான் ஸ்டூவர்ட் மூவரும் ஸ்ட்ரீம் ஃபியூஷன் முறையை அறிவித்தார்கள். அவர்கள் பார்வையில் ஸ்ட்ரீம் என்பது இரண்டே பொருள்: இப்போதைய நிலை ஒன்று, அடுத்த அடி எடுத்துவைக்கும் சார்பு ஒன்று. அடி எடுத்துவைத்தால் மூன்றில் ஒரு பதில் கிடைக்கும். இதோ ஓர் உறுப்பு; இந்த முறை எதுவும் இல்லை, மேலே போ; முடிந்தது. நடுவில் உள்ள பதில்தான் சூட்சுமம். வடிகட்டும்போது வேண்டாத உறுப்பைத் தள்ள வேண்டியிருந்தால், வேண்டிய உறுப்பு கிடைக்கும்வரை உள்ளுக்குள் சுற்றத் தேவையில்லை. எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அதனால் அடிச் சார்பில் உள்சுழல் இல்லாமல் போகிறது. உள்சுழல் இல்லாத சார்பைக் கம்பைலர் தயங்காமல் விரித்து மற்றவற்றோடு இணைத்துவிடும். அதே மாநாட்டில் சைமன் பெய்டன் ஜோன்ஸ், நிலையை உடைத்துப் பதிவகங்களில் வைக்க உதவும் கம்பைலர் உத்தியையும் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தபோது ஹாஸ்கெலில் எழுதிய பட்டியல் வேலை சி லூப்பாக மாறும் வாய்ப்பு கிடைத்தது. லெஷ்சின்ஸ்கியின் வெக்டர் நூலகம் அந்த வாய்ப்பை நினைவகத்தில் உள்ள எண் வரிசைகளுக்குக் கொண்டுவந்தது. வெளியுலகிலிருந்து வந்துகொண்டே இருக்கும் தரவுக்கு அதைக் கொண்டுவரும் வேலை பாக்கியிருந்தது.

அந்த இடத்தில்தான் பெங்களூர் வருகிறது. ஹரேந்திர குமாரின் நூலகம் ஹாஸ்கெல் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான ஹேக்கேஜில் ஏறியது. தொடக்கத்தில் அதன் பெயர் அசிங்க்லி. அப்போது முதன்மையாக இருந்தது வேகம் அல்ல, பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துவது. அல்பெர்தோ கொரோனாவின் டிரான்சியென்ட் என்ற நூலகம் அதற்குத் தூண்டுதல். வெக்டருக்கும், கொன்சாலெஸின் ஃபோல்டல் நூலகத்துக்கும் தாங்கள் கடன்பட்டிருப்பதை ஸ்ட்ரீம்லி ஆசிரியர்கள் தங்கள் ஆவணத்தில் பெயர் சொல்லியே பதிந்திருக்கிறார்கள். முன்னோர் பெயரைச் சொல்லும் அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது.

ஒரே நேரத்தில் நடத்துவது என்றால் என்ன? ஆயிரம் இணைய முகவரிகளைப் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாகப் போனால் காத்திருப்பதிலேயே நேரம் கழியும். த்ரெட் எனப்படும், ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள் ஆயிரத்தை ஒரேயடியாகத் தொடங்கிவிட்டால், வந்த பதில்களை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அவை நினைவகத்தில் குவியும். ஸ்ட்ரீம்லி வாங்குபவரின் வேகத்தைப் பார்த்து வேலையாட்களைக் கூட்டும், குறைக்கும். வாங்குபவர் காத்திருந்தால் இன்னும் சில த்ரெட்கள் தொடங்கும். பதில்கள் தேங்கத் தொடங்கினால் அடங்கிவிடும். த்ரெட்களுக்கும் தேக்கத்துக்கும் இயல்பான உச்சவரம்பு 1500. நொடிக்கு இத்தனை என்று வேகத்தைக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. இதற்கெல்லாம் நிரலாளர் பூட்டு, வரிசை என்று எதையும் கையால் கட்ட வேண்டியதில்லை. வரிசையாக எழுதிய நிரலில் ஒரு சார்பின் பெயரை மாற்றினால் அது இணையாக ஓடும். 2019-இல் பெங்களூரில் நடந்த ஃபங்ஷனல் கான்ஃப் மாநாட்டில் ஹரேந்திர குமார் இந்தப் பார்வையை விரிவாகப் பேசினார்.

வேகம் பிறகு வந்தது, அதுவும் கடினமாக வந்தது. ஒரு கூடத்துக்குள் இன்னொரு கூடம் போல, ஸ்ட்ரீமின் ஒவ்வோர் உறுப்பும் தானே ஒரு ஸ்ட்ரீமாக விரியும் இடங்கள் நிரல்களில் நிறைய உண்டு. அடைவில் உள்ள கோப்புகள், ஒவ்வொரு கோப்பிலும் வரிகள், ஒவ்வொரு வரியிலும் சொற்கள். 2007-இன் முறை இந்த இடத்தில் தடுமாறியது. உள்ளே விரியும் ஸ்ட்ரீம் எந்த வடிவில் இருக்கும் என்பது ஓடும்போதுதான் தெரியும் என்பதால் கம்பைலரால் அதை வெளி லூப்போடு இணைக்க முடியவில்லை. ஸ்ட்ரீம்லி இதற்கு அன்ஃபோல்ட் என்ற தனி வகையை வைத்தது. உறுப்பிலிருந்து ஸ்ட்ரீம் பிறக்கும் விதத்தை முன்கூட்டியே நிலையாகச் சொல்லிவிட்டால், அந்தச் சார்பு வெளி லூப்போடு இணைய முடிகிறது. இந்த நூலகத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். பெரிய கோட்பாட்டுப் புதுமை என்று யாரும் கொண்டாடாமல் போகலாம். ஒரு கருவி அன்றாடப் பயனுக்கு வருவது இப்படிப்பட்ட திருத்தங்களால்தான்.

இன்னொரு தடை கம்பைலரிடமே இருந்தது. கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலர் ஒரு சார்பை விரிக்கலாமா கூடாதா என்பதை அதன் அளவைப் பார்த்து முடிவு செய்யும். பெரிதாகத் தெரிந்தால் விட்டுவிடும். ஒரே ஓர் இடத்தில் விட்டாலும் சங்கிலி அறுந்து, இடைப் பொட்டலங்கள் திரும்பி வந்துவிடும். கம்போஸ்வெல் குழு இதற்காகக் கம்பைலரோடு சேர்ந்து ஓடும் ஃபியூஷன் பிளகின் என்ற துணைக்கருவியை எழுதியது. எந்தத் தரவு வகைகள் இறுதி நிரலில் மிஞ்சக் கூடாதோ அவற்றுக்கு ஒரு குறியிட்டால், அவை கைமாறும் இடங்களைத் தேடிப்போய்த் துணைக்கருவி விரிக்கச் செய்யும். கம்பைலர் போதவில்லை என்று புலம்பி நிற்காமல் அதற்குள்ளேயே கைவைத்தார்கள்.

எல்லாவற்றையும் அளந்தார்கள். கண்டுயிட், பைப்ஸ் உள்ளிட்ட நூலகங்களோடு ஒவ்வொரு செயலையும் ஒப்பிடும் சோதனைத் தொகுப்பைத் தனியாகவே வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். அளவீட்டு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே இன்னொரு கருவியும் எழுதப்பட்டது. எங்கள் நூலகம் வேகமானது என்று சொல்வது எவருக்கும் எளிது. சொன்னதைப் பொய் என்று நிரூபிக்கத் தேவையான கருவியையும் சேர்த்துக் கையில் கொடுப்பதுதான் நேர்மை.

ஒரே வடிவம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் காலப்போக்கில் ஒப்புக்கொண்டார்கள். லூப்பாக இணைய வேண்டிய வேலைகளுக்கு ஒரு வடிவம் நல்லது. ஓடும்போதே ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீம்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும் வேலைகளுக்கு இன்னொரு வடிவம் நல்லது. முன்பு இரண்டும் ஒரே முகப்புக்குப் பின்னால் மறைந்திருந்தன. 2023-இல் வந்த 0.9 பதிப்பு இரண்டையும் வெளிப்படையாகப் பிரித்தது. ஸ்ட்ரீம்லி கோர் என்ற அடிப்படைத் தொகுப்பும் அப்போதுதான் தனியானது. பழைய பெயர்களில் எழுதியவர்களுக்கு அந்த மாற்றம் வேலை வைத்தது. ஆனாலும் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

தமிழ், மலையாளம் என்ற நம் இரண்டு மொழிகளுக்கும் நேரே தொடர்புள்ள ஒரு பகுதி இந்த வரலாற்றில் இருக்கிறது. ‘கொச்சி’ என்று எழுதும்போது ‘கொ’ யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே எண்ணாக நிற்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு ஓர் எண்ணாகவும் கால் இன்னோர் எண்ணாகவும் பிரிந்து நிற்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே நிலை, மலையாளத்திலும் அப்படியே. ஒரு விதத்தில் பதிந்த பெயரை மற்ற விதத்தில் தேடினால் கிடைக்காது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். அதை ஹாஸ்கெலில் செய்யும் யூனிகோட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் நூலகத்தை 2016-இல் வளர்த்தெடுத்தவரும் ஹரேந்திர குமார்தான். உலகம் முழுக்கப் பயன்படும் ஐ.சி.யு. என்ற சி++ நூலகத்தின் வேகத்தை அதன் அளவுகோலாக வைத்துக்கொண்டார். அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்தது யூனிகோட் டேட்டா. இந்த எழுத்து இந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் அட்டவணைகளை யூனிகோட் அமைப்பின் தரவிலிருந்து தானாக உருவாக்கும் தொகுப்பு அது. அதன் நிரல் பின்னர் கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலரின் அடிப்படை நூலகத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அந்தக் கோப்புகளின் தலைப்பில் கம்போஸ்வெல் டெக்னாலஜிஸ் என்ற பெயர் இருக்கிறது. லண்டனிலோ டோக்கியோவிலோ ஒருவர் ஹாஸ்கெலில் ஓர் எழுத்து எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால், பதில் சொல்வது பெங்களூரில் தொடங்கிய நிரல்.

ஹாஸ்கெல் பல்கலைக்கழகத்தோடு நின்றுபோகும் மொழி என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. ஆனால் கொச்சியில் 2021-இல் யாத்ரி என்ற பெயரில் தொடங்கி, அடுத்த ஆண்டு பெங்களூரில் நம்ம யாத்ரியாக வளர்ந்த வாடகை வண்டிச் செயலிகள் ஜஸ்பே நிறுவனத்தின் முயற்சியில் பிறந்தவை. நம்ம யாத்ரியின் சேவையகப் பக்கம் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. அதன் மூலநிரலைப் பொதுவில் படிக்கலாம். ஆட்டோக்காரரும் பயணியும் தினமும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கேரளப் பள்ளிகளில் கைட் என்ற கல்வித் தொழில்நுட்ப அமைப்பின் வழியாக லினக்ஸ் கணினிகள் இருக்கின்றன. தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளும் அவற்றில்தான் கற்கிறார்கள். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் குழுக்கள் இயங்குகின்றன. உயர்நிலை வகுப்பில் பைத்தான் வந்துவிட்டது. ஹாஸ்கெல் கம்பைலரும் இலவசம், ஸ்ட்ரீம்லியும் பிஎஸ்டி உரிமத்தில் இலவசம், மூலநிரல் முழுக்கத் திறந்திருக்கிறது. பைத்தானில் ஜெனரேட்டர் எழுதிப் பார்த்த மாணவருக்கு, கேட்டால்தான் அடுத்தது வரும் என்ற கருத்து ஏற்கெனவே பழக்கம். அவர் ஸ்ட்ரீம்லி குழு வெளியிட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் சொல் எண்ணும் நிரலை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தமிழ்க் கோப்பைக் கொடுத்து, லினக்ஸில் ஏற்கெனவே உள்ள சொல் எண்ணும் கட்டளையோடு முடிவையும் நேரத்தையும் ஒப்பிடலாம். பிறகு அதே கோப்பில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ எழுத்துகளைப் பிரித்த வடிவில் மாற்றி, ஒரு குறிப்பிட்ட சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லிப் பார்க்கலாம். எண்ணிக்கை மாறினால், இடையில் ஒரு நார்மலைசேஷன் கட்டத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டலாம். அந்தக் கட்டத்தால் நிரலின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து எழுதிவைத்தால், அடுத்த மலரில் வெளியிடத் தகுந்த கட்டுரை அதிலிருந்தே கிடைக்கும்.